இன்ஜின் ஆறட்டும்

அந்தப் பழைய வீட்டுக்கு அக்காவும் தம்பியும் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு லேசாக வெயில் தலைகாட்டியிருந்தது. அக்கா என்பது தம்பி மட்டும் கூப்பிட்ட சொல்லாக இருந்து, நாளாவட்டத்தில் அவள் நடத்தும் கார் பட்டறைக்கே பெயராகிவிட்டது. தலை நரைத்த வாடிக்கையாளர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவள் பார்த்துத் தலையாட்டிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பேச்சு.

தம்பியைப் பட்டறையில் விசில் என்பார்கள். சின்ன வயதில் வாயாலேயே டர்போ மாதிரி விசிலடித்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடியவன். தாடி வளர்த்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாமே அவள்தான். அவளுக்கும் அவனை விட்டால் வேறு நாதியில்லை.

அன்று தம்பிக்காக அவர்கள் பார்க்க வந்த வண்டி லேசுப்பட்டதல்ல. டர்போ வைத்த அந்த ஸ்போர்ட்ஸ் காரின் மூன்றாம் தலைமுறையை கம்பெனி கொஞ்சமாகத்தான் செய்தது. செய்ததில் பாதியை ஓட்டத் தெரியாதவர்கள் மரத்தில் மோதி முடித்தார்கள். மீதியை அதன் இன்ஜினே முடித்தது. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சக்கரம்தான் டர்போ. விரட்டி ஓட்டினால் அது நெருப்பாய்ச் சிவந்துவிடும். வீடு வந்ததும் சட்டென்று அணைத்தால், ஓட்டம் நின்ற ஆயில் அங்கேயே கருகி வழியை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஒருநாள் நடுரோட்டில் இன்ஜின் கையை விரித்துவிடும். அதனால் வண்டியை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். தம்பிக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஆனால் இப்படிப்பட்ட வண்டி வாங்குகிறவர்களுக்குப் பொறுமை எங்கே இருக்கிறது? பிறந்தபோது இருந்த இன்ஜினோடே இன்னும் ஓடுகிற வண்டி, அந்தத் தலைமுறையில் குதிரைக்கொம்பு.

வீட்டுக்கார அம்மா ஷெட்டைத் திறந்துவிட்டுக் கதவோரமாகவே நின்றுகொண்டார். உள்ளே ஈரச் சுவரின் வாடை, பெட்ரோல் வாடை. அவற்றோடு எங்கிருந்தோ ஷேவிங் சோப்பின் மணம்.

அக்கா வழக்கம்போல முதலில் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாங்குகிறவர் வருவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்தால் இந்தத் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போது போடுகிற கெட்ட சத்தத்தை யாரோ மறைக்கப் பார்க்கிறார்கள்.

"காலையில ஸ்டார்ட் பண்ணீங்களாம்மா?"

"இல்லம்மா. அவர் போனதிலேர்ந்து யாரும் தொடுறதில்ல."

"பானட் சுடுதே."

அந்த அம்மா ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

அக்கா வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டு மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றாள். அன்றும் சூடு. இன்னொரு சாவி இருக்கிறது, கிழவி கில்லாடி என்று முடிவுகட்டினாள். ஆனால் சோதித்த எதிலும் குறையில்லை. கம்ப்ரஷன் புது வண்டி மாதிரி. ஆயிலில் ஒரு துளி இரும்புத்தூள் இல்லை. இதையெல்லாம் எந்தக் கில்லாடியாலும் ஜோடிக்க முடியாது.

தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தம்மா பொய் சொல்லட்டும்க்கா. இன்ஜின் நல்லா இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

இன்ஜின் விஷயத்தில் அவள் வாயில் பொய் வராது. "நல்லா இருக்குடா" என்றாள்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கிளம்பும்போது அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ஓட்டுறது ஓட்டட்டும். நிறுத்தின பிறகு யாரும் உள்ளே உக்கார வேண்டாம்."

ஆறவைக்காமல் அணைத்தால் இன்ஜின் போய்விடுமே என்று அக்கா சிரித்தபடி விளக்கினாள்.

"போகட்டும்" என்றார் அந்த அம்மா.

தங்கள் வீட்டு ஷெட்டில் வண்டி வந்து நின்ற நாளில் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டே கதவுள்ள வண்டி. பின் சீட்டு பேருக்குத்தான் இருந்தது. முன்னால் ஓட்டுபவரின் பக்கத்துச் சீட்டை மடித்துவிட்டு அந்த வழியாகத்தான் பின்னால் நுழைய வேண்டும், நுழைந்த பிறகு காலை எங்கே வைப்பது என்று தெரியாது. "அது உனக்குத்தான்க்கா" என்று அவளைக் கேலி செய்தான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

காலையில் தொட்டுப் பார்த்தால் பானட் சுட்டது. பொழுது விடியுமுன்னே ஊர்சுற்றப் போகிறாயா என்று அவள் திட்ட, சத்தியமாக இல்லை, நீதான் எனக்குத் தெரியாமல் ஓட்டிப் பார்க்கிறாய் என்று அவன் சொன்னான். விளையாட்டு என்றே இருவரும் நினைத்தார்கள். பிறகு அவன் ஓட்டிவிட்டு வந்து வண்டிக்குள் உட்காரும் நேரம் நீள ஆரம்பித்தது. முதலில் ஒரு பாட்டு முடிகிற நேரம். போகப்போகச் சமைத்த சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் நீண்டது. வாயிலிருந்த விசிலும் நின்றுபோனது.

ஒரு சாயங்காலம் அவனைக் கூப்பிட ஷெட்டுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. திறந்து எட்டிப் பார்த்தாள். தம்பி ஓட்டுபவரின் பக்கத்துச் சீட்டில், பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தான். ஓட்டும் பக்கமாகத் திரும்பி, யாரோ சொல்வதைக் கேட்பவனைப்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

ஓட்டுபவர் சீட்டில் யாரும் இல்லை.

ஆனால் அதன் மெத்தை அமுங்கியிருந்தது.

"என்னடா பண்றே?"

"இன்ஜின் ஆறட்டும்க்கா."

"அதான் அணைச்சாச்சே."

அவன் அவளை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். இறங்கி அவளைக் கடந்து போனபோது ஷேவிங் சோப்பு மணத்தது. தாடிக்காரனுக்கு அது எதற்கு?

மறுநாளே அந்தப் பழைய வீட்டுக்கு ஓடினாள். அந்த அம்மா எதிர்பார்த்துக்கொண்டே இருந்தவர் மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் அந்த இன்ஜினைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தார். ஒருநாள்கூட ஆறவைக்காமல் அணைத்ததில்லை. ஆறுகிற நேரத்துக்குத் துணையாக மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். அவர்கள் நாலு வார்த்தை பேசிக்கொள்வதே அப்போதுதான். ஒரு மழை நாளில் சாரல் அடிக்கிறதென்று ஷெட் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து கூப்பிட்டிருக்கிறார். இந்த அம்மாவுக்கு அவர்மேல் ஏதோ மனஸ்தாபம். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அடைத்த ஷெட்டுக்குள் புகை நிறைந்தது. பெட்ரோல் தீரும்வரை இன்ஜின் ஓடியிருக்கிறது.

"தெரிஞ்சே எங்ககிட்ட ஏம்மா குடுத்தீங்க?"

அந்த அம்மாவின் கண்ணில் நீர்கூட இல்லை. "தினமும் கூப்பிட்டாரும்மா. எத்தனை நாளைக்குத்தான் வரேன் வரேன்னு சொல்றது?"

அக்கா வீட்டுக்கு வந்த வேகத்தில் பெட்ரோலை வடித்தாள். பேட்டரியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தன் மேஜைக்கு அடியில் வைத்தாள். ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். சண்டை போடுவான் என்று நினைத்த தம்பி சண்டை போடவில்லை. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்போ எப்படிக்கா ஆறும்?" என்று மட்டும் கேட்டான்.

அன்று அவன் அறைக் கதவுக்குக் குறுக்கே பாயை விரித்துப் படுத்தாள். விடிந்து எழுந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அவன் தன்னைத் தாண்டிப் போனது அவளுக்குத் தெரியவே இல்லை.

ஷெட்டில் பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

சாவி அவள் கழுத்தில் இருந்தது.

அவள் பூட்டைத் திறந்தபோது கதவிடுக்கிலிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. தம்பி பக்கத்துச் சீட்டில் பெல்ட் போட்டு, தலையை ஓட்டும் பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது. தூங்குகிறான் என்று ஒரு கணம் நம்பினாள். பெயர் சொல்லி உலுக்கினாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

ரத்தத்தில் வண்டிப் புகை கலந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இன்ஜின் எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்டார். அவள் என்ன சொல்வாள்? பேட்டரி அவளுடைய மேஜைக்கு அடியிலேயேதான் இருந்தது.

காரியங்கள் முடிந்ததும் அவள் தன் கையாலேயே அந்த இன்ஜினை இறக்கிப் பிரித்தாள். ஒரு குறை கிடைத்தால் போதும், திட்டித் தீர்க்கலாம் என்று ஒவ்வொரு உறுப்பாகத் துடைத்துத் துடைத்துத் தேடினாள். கீறல்கூட இல்லை. அவள் வாழ்நாளில் தொட்ட இன்ஜின்களிலேயே மிக நல்ல இன்ஜின் அதுதான். அவள் அதைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கி, உருக்குகிற இடத்துக்குக் கொண்டுபோய், கடைசித் துண்டும் உருகுகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

மிஞ்சியது வெறும் கூடுதான். அதை ஏற்றிப்போக மதியம் லாரி வருவதாக இருந்தது. அதற்குள், வண்டியில் கிடந்த தம்பியின் தொப்பியை எடுத்துக்கொள்ள ஷெட்டுக்குள் போனாள். வண்டியின் கதவுகளைப் பார்த்தாள். இரண்டும் அவள் சாத்தியபடியே இருந்தன.

பழக்கதோஷம், கை தானாகவே பானட்டின் மேல் போயிற்று.

சுட்டது.

அவள் பானட்டைத் தூக்கினாள். உள்ளே இன்ஜின் இருந்த இடம் வெறும் பள்ளமாக இருந்தது. கீழே தரையின் எண்ணெய்க் கறை தெரிந்தது. ஆனாலும் ஓடிக் களைத்த இரும்பு ஆறும்போது எழும் அந்தச் சத்தம் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது.

டிக்.

டிக்.

ஷேவிங் சோப்பின் மணம் ஷெட் முழுக்கப் பரவியது. அதற்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில், வாயால் அடிக்கிற டர்போ விசில், எழுந்து இறங்கியது. அவள் பானட்டை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

பக்கத்துச் சீட்டின் கதவு திறந்திருந்தது. சீட்டு முன்னால் மடித்து விடப்பட்டிருந்தது, பின்னால் ஏறுகிறவருக்கு வழிவிட்டு.