ஊற்றிய தண்ணீர்

கொரோனா காய்ச்சல் விட்டாயிற்று, கிருமியும் இல்லையென்று பரிசோதனையில் வந்துவிட்டது. அப்புறம் எதற்கு அந்த அறையில் ஈர மண் வாசனை அடிக்கிறது என்றுதான் அக்காவுக்குப் புரியவில்லை. சன்னல் சாத்தியே கிடந்தது, வெளியே சொட்டு மழை இல்லை; இருந்தும் கதவைத் திறக்கும்போதெல்லாம் தம்பியின் தலைமாட்டிலிருந்து, ஆக்சிஜன் மெஷினில் மாட்டிய தண்ணீர் பாட்டில் கொளகொளவென்று குமிழ் விடும் சத்தத்தோடு சேர்ந்து, அந்த வாசனை மெல்ல அவள் மூக்கில் ஏறியது.

அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். சொந்தக்காரர்கள் போனில் "பாத்துக்கோ" என்பதோடு சரி. வாசற்படி மிதிக்க ஒருத்தருக்கும் தைரியமில்லை. பேச்சுத்துணைக்கு அந்தக் குமிழ்ச் சத்தம்தான். அது கேட்கிறவரை தம்பி இருக்கிறான் என்று மனசைத் தேற்றிக்கொள்வாள்.

சாயங்காலம் கஞ்சி ஊட்டும்போது அவன் வாயோரம் வழிந்தது. அவனுக்குத் தெரியவேயில்லை.

"டேய், கஞ்சி சுடலையா?"

"அந்தப் பக்கம் கன்னமே இல்லாத மாதிரி இருக்குக்கா."

கிண்ணத்தை அப்படியே வைத்தாள். கூடத்துக்கு வந்து ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"சுகர் வேற இருக்கேம்மா அவருக்கு... கறுப்புப் பூஞ்சையா இருக்கலாம். ஆம்புலன்ஸ் அனுப்புறேன். பாட்டில் தண்ணிய தினமும் மாத்துறீங்கல்ல?"

"குறையக் குறைய ஊத்திட்டுத்தான் இருக்கேன்."

"ஊத்துறதில்லம்மா. பழசைக் கொட்டிக் கழுவிட்டு மாத்தணும்."

ஐயோ பாவி, என் கையாலேயே என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். மெஷினை நிறுத்தினாள். அவன் மூக்கிலிருந்த குழாயை எடுத்தாள். பாட்டிலைக் கழற்றினாள். அடியில் கறுப்பாக, நூல் நூலாக ஏதோ அசைந்தது. குளியலறைக்கு ஓடிக் கவிழ்த்தாள்.

வீடே அடங்கியது.

கொளகொள.

கையில் பாட்டில். காலி.

கொளகொள.

அறையிலிருந்து.

மெல்லப் போனாள். தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"டேய்..."

திரும்பினான். பாதி முகம் சிரித்தது. மறுபாதி அசையவில்லை. மூக்கோரம் கறுப்பாக ஒரு நூல்.

"ஏங்க்கா பயப்படுற? சத்தம் கேக்குதுல்ல? நான் இருக்கேன்."

அந்த மரத்த கன்னம் மட்டும், தோலுக்கடியில், குமிழ் குமிழாக எழும்பி எழும்பி அடங்கியது.