தொட்டியின் அடியில் ஈரம்

தொட்டியை நகர்த்தியபோது தரையில் வட்டமாக ஈரம் இருந்தது.

ஏமி துணியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அது பிளாஸ்டிக் அத்திமரம். ஆறடி உயரம், கம்பிக் கிளைகள், அசலைப் போலவே நரம்போடிய அகன்ற இலைகள். தொட்டிக்குள் மண் கிடையாது. சிமெண்டை ஊற்றி இறுக்கி, மேலே காய்ந்த பாசியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் அவளே பூச்சோங்கில் ஒரு கடையில் வாங்கி, லோரியில் ஏற்றி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் இந்தப் பதினோராவது மாடி வீட்டில் கொண்டுவந்து வைத்தது. இதற்குப் போய் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

அங்கிள் ஊற்றியிருப்பார், வேறு யார் என்று நினைத்துக்கொண்டாள்.

சண்முகரத்தினம் அங்கிள் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கனகேஸ்வரி ஆன்டி இந்த வீட்டுக்குள் நாற்பது செடிக்கு மேல் வளர்த்தார். ஆன்டி படுக்கையில் விழுந்த பிறகு வாரம் இரண்டு முறை வந்து அவற்றைப் பார்த்துக்கொண்டவள் ஏமி. வீடுகளிலும் அலுவலகங்களிலும் செடி பராமரிப்பதுதான் அவள் தொழில். ஆன்டி இறந்து மூன்று மாதம் ஆனதும் மகன் சிவேந்திரன் போன் செய்தார்.

"எல்லாத்தையும் தூக்கிட்டு ஆர்ட்டிபிஷியல் வச்சிடுங்க ஏமி. அப்பா பொழுதுக்கும் அதுங்ககிட்டயே பேசிட்டு இருக்காரு. சாப்பிடறதுகூட இல்ல."

"இதெல்லாம் யாருக்குக் குடுக்கறது சார்?"

"கீழ குப்பையில போட்டாலும் சரிதான் லா."

போட்டாள். கடைசித் தொட்டியை லிப்டில் ஏற்றும்போது அங்கிள் வாசல்வரை வந்து, அதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டார். "கிள்ளான்ல ஒரு நர்சரி, அங்கிள். நல்லா பாத்துக்குவாங்க," என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

இன்று அங்கிள் இல்லை. அப்பா கிள்ளானில் அக்கா ராஜினி வீட்டுக்குப் போயிருக்கிறார், சாவி கீழே செக்யூரிட்டி கார்டிடம் இருக்கிறது, தூசி மட்டும் தட்டிவிட்டுப் போங்கள் என்று சிவேந்திரன் செய்தி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை, மணி நான்கு. பால்கனிக் கண்ணாடிக்கு வெளியே வானம் கறுத்து, கட்டடங்களின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ரயில் ஒன்று நீளமாக உரசிக்கொண்டு போன சத்தம் ஓய்ந்ததும், வீட்டுக்குள் குளிர்பெட்டியின் முனகல் மட்டும் மிஞ்சியது.

அவள் அத்தியின் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துணியைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. தண்டவாளத்துக்கு மேலே இருக்கும் இந்த வீட்டில் மூன்றே நாளில் மேசைத் தூசியில் பெயர் எழுதலாம். அடுத்திருந்த பிளாஸ்டிக் மணி பிளாண்டைத் துடைத்தாள். அதிலும் தூசி இல்லை. சுவரோரப் பாம்புச்செடிகளிலும் இல்லை. இலைகள் சில்லென்றிருந்தன, யாரோ சற்று முன்தான் கழுவிவிட்டுப் போனதைப் போல. மழை இன்னும் தொடங்கவில்லை. ஆனாலும் ஈர மண்ணின் வாசம் அடித்தது.

எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்தாள். திரும்பி வந்தாள். உட்கார முடியவில்லை. எந்த வீட்டிலும் செடி வெளிச்சத்துக்குத்தான் சாயும். இந்தச் செடிகளுக்கு வெளிச்சம் எதற்கு என்று நினைத்தபடி கூடத்தைப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. எல்லாமே சாய்ந்திருந்தன. பால்கனியின் பக்கம் அல்ல. இருட்டாகக் கிடந்த நடையின் பக்கம், ஆன்டி கடைசியாகப் படுத்திருந்த அறையின் பக்கம்.

கம்பி தளர்ந்திருக்கும். அத்தியின் தண்டை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். அது முரண்டு பிடித்தது. விட்டாள். மெல்ல, மிக மெல்ல, பழைய சாய்வுக்கே போனது.

போனை எடுத்தாள். சிவேந்திரனை அழைத்தாள்.

"சார், ஏமி பேசறேன். அங்கிள் இங்க வந்துட்டுப் போனாரா? செடிக்கெல்லாம் தண்ணி ஊத்தியிருக்கு."

"இல்லையே. அக்கா வீட்டுலதான் இருக்காரு. இருங்க, கேட்டுட்டு கூப்புடறேன்."

ஏமி காத்திருந்தாள். மழை கண்ணாடியில் அறையத் தொடங்கியது. அதற்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. காய்ந்த மண் தண்ணீரை உறிஞ்சும்போது வருமே, அந்தச் சின்னச் சத்தம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். காலடியிலிருந்து வந்தது.

அத்தித் தொட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். அடியிலிருந்த ஓட்டை வழியே வெள்ளை இழைகள் இறங்கியிருந்தன. தூண்டில் நரம்பைப் போல மெலிந்தவை. நகத்தால் கிள்ளினாள். அறவில்லை. பிளாஸ்டிக். ஆனால் கிள்ளிய விரல் நனைந்திருந்தது. இழைகள் தரைக்கற்களின் இடுக்கு வழியே போயின. மணி பிளாண்ட் தொட்டியிலிருந்து வந்தவை அவற்றோடு சேர்ந்தன. பாம்புச்செடிகளிலிருந்தும் வந்தன. எல்லாம் ஒன்றாகி, நடை வழியே ஓடி, மூடியிருந்த கதவின் அடியில் நுழைந்திருந்தன.

ஏமி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டினாள். வாசலை எட்டும் முன் போன் அடித்தது.

"ஏமி..." சிவேந்திரனின் குரல் மாறியிருந்தது. "அப்பா அங்க தங்கவே இல்லையாம். ஒரே ராத்திரிதான். போன சனிக்கிழமையே டாக்சி பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டாராம். நான் பாத்துக்குவேன்னு அக்கா நெனச்சிருக்கா."

ஏமி திரும்பி நடையின் கோடியைப் பார்த்தாள்.

"அம்மா ரூம்ல கொஞ்சம் பாருங்க ஏமி. விழுந்து கிடக்கப் போறாரு. நான் வந்துட்டே இருக்கேன். போன வெச்சிடாதீங்க, ப்ளீஸ்."

திறந்திருந்த வாசல். நாலே அடி. வெளியே லிப்டின் விளக்கு தெரிந்தது. இந்த வாசலில்தான் அன்று அங்கிள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி நடந்தாள். இழைகளை மிதிக்காமல் சுவரோரமாக நடந்தாள்.

"அங்கிள்?"

கதவைத் தட்டிப் பார்த்தாள்.

கைப்பிடி ஈரமாக இருந்தது. கதவு பாதிதான் திறந்தது. அதற்குப் பின்னால் ஏதோ கெட்டியாகப் படர்ந்திருந்தது.

திரைச்சீலை மூடியிருந்தது. மண்வாசம் மூக்கை அடைத்தது. போன் விளக்கை உயர்த்தினாள்.

கட்டிலோரம் நாற்காலி. நாற்காலியில் அங்கிள். வெறும் கால்கள் தரையில். கணுக்காலைச் சுற்றி வெள்ளை இழைகள். சுற்றி மட்டும் இல்லை. தோலுக்கு உள்ளே. முழங்கால்வரை. பச்சை நரம்புகளின் பக்கத்தில் வெள்ளை நரம்புகள்.

உடம்பு வற்றிப் போயிருந்தது. சட்டை தொங்கியது.

நெஞ்சு ஏறியது. இறங்கியது.

"ஏமி? இருக்காரா?" என்றது போன்.

அங்கிளின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. பற்களுக்கு நடுவே பச்சையாக ஒன்று சுருண்டிருந்தது. அது மெல்ல விரிந்தது. இளந்தளிர். ஓரத்தில் பூச்சி கடித்த சிறு ஓட்டை. பதினைந்து வருடமாக இலைகளைத் தொட்டுப் பழகிய அவள் கை தானாக நீண்டது. தொட்டது.

மென்மை. வெதுவெதுப்பு.

அந்த வீட்டில் அது ஒன்றுதான் அசல்.

அவர் கண்கள் திறந்தன. அவளை அடையாளம் கண்டுகொண்டன. அன்று வாசலில் கேட்டதைப் போல ஏதோ கேட்க முயன்றார்.

இலைதான் அசைந்தது.