ஐந்து காஸ் கோடு

அலகு இல்லாத எதுவும் இந்த உலகத்தில் இல்லை. நீளத்துக்கு மீட்டர், சூட்டுக்கு டிகிரி, காந்தப்புலத்துக்கு காஸ். பத்தாயிரம் காஸ் சேர்ந்தால் ஒரு டெஸ்லா. பயத்துக்கு அலகு கிடையாது. ஆகவே பயம் என்று ஒன்று கிடையாது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் அவன் இதை நிரூபித்துவிட்டான். அதன் பிறகும் மனித குலம் ஏன் பயந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும்தான் அவனுக்கு விளங்கவில்லை.

அவனுடைய தொழில் காந்தப்புலம் அளந்து சான்றிதழ் கொடுப்பது. ஆறு மாதம் முன்பு அண்ணனுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஐந்து காஸுக்கு மேல் உள்ள எதுவும் அதன் அருகே போகக்கூடாது, போனால் அது தாளம் தப்பும் என்றார் டாக்டர். அன்றே அவன் வீடு முழுவதையும் அளந்து, குளிர்சாதனப் பெட்டி, ஸ்பீக்கர், மிக்ஸி எல்லாவற்றிலும் காஸ் எழுதிய சீட்டு ஒட்டினான். அண்ணன் அறைக் கதவிலும் ஒரு சீட்டு: '0.4. பாதுகாப்பு.'

"எனக்கு நெஞ்சுல பேட்டரி. உனக்கு மண்டையில அதுவும் இல்ல," என்றார் அண்ணன்.

அந்த அண்ணனும் அவரைப் போன்ற இதய நோயாளிகளும் திங்கட்கிழமை முதல் காத்திருக்கப் போகும் கூடத்தைத்தான் அவன் இன்று அளக்க வந்திருந்தான். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம். முன்பு எம்ஆர்ஐ ஸ்கேன் அறை. இயந்திரத்தைக் கழற்றிக் கொண்டுபோய் மூன்று மாதம் ஆகிறது. தரையில் நான்கு போல்ட் துளைகளும், அவற்றைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் ஐந்து காஸ் கோடும் மட்டும் மிச்சம்.

கதவைத் திறந்துவிட்ட ஸ்கேன் டெக்னீஷியன் அக்கா விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். வாசலைத் தாண்டியதும் சட்டைப் பையிலிருந்து ஒரு தையல் நூலை எடுத்தார். நுனியில் ஒரு ஜெம் கிளிப். அதைத் தன் முகத்துக்கு எதிரே தொங்கவிட்டு, அது நேராக நிற்கும்வரை பார்த்து, பிறகுதான் மூச்சு விட்டார்.

அவன் சிரித்துவிட்டான். "உள்ள போறப்ப பாத்தா அறிவு. வெளிய வந்தப்புறம் என்னக்கா? மழை விட்டப்புறம் குடை பிடிக்கிற மாதிரி!"

"உள்ள எவ்வளவு இருந்தா எனக்கென்ன தம்பி? அது அங்கயே இருக்கும். வெளிய வரப்பத்தான் பாக்கணும்."

"இல்லன்னா?"

"முன்னாடி இருந்தவர் ஒருநாள் பாக்காம கிளம்பிட்டார்."

"செத்துட்டாரா?"

"சேச்சே. நல்லா இருக்கார். தனியா இருக்கார்." நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "யாரும் பக்கத்துல போறதில்ல."

இந்தக் கதையை நண்பர்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவன் உள்ளே போனான்.

ஜன்னல் இல்லாத அறையில் பழைய செம்பும், ஈரச் சுண்ணாம்பும், யாரோ எப்போதோ வியர்த்த ரெக்சின் படுக்கையும் கலந்த மணம் இன்னும் தங்கியிருந்தது. குழல்விளக்கின் முனகலுக்கு அடியில், காது பழகிய பிறகே பிடிபடும் இன்னொரு சத்தம், டுக்... ஷிக், டுக்... ஷிக் என்று, காந்தத்தைக் குளிரவைக்கும் பம்பு போல ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"பம்பை நிறுத்தலையா?" என்று கத்தினான்.

"பம்பு எங்க தம்பி இருக்கு?"

மேல்மாடிச் சத்தமாக இருக்கும். சுவரோரம் மீட்டர் 0.4 காட்டியது. பூமியே அவ்வளவு காட்டும். கோட்டைத் தாண்டி, போல்ட் துளைகளின் நடுவில் நின்றான். 3.1. ஐந்துக்குள்தான். ஆனால் வெற்றுத் தரையில் மூன்று எதற்கு? தரைக் கம்பியாக இருக்கலாம். முறைப்படி பத்து நிமிடம் அங்கேயே நின்று, நிமிடத்துக்கு ஒரு அளவு எழுதிக்கொண்டான். நெஞ்சில் ஏதோ சில்லென்றது. ஏசி ஓடவில்லை.

"எவ்வளவு தம்பி?" என்றார் அக்கா வாசலிலிருந்து.

"மூணு. ஒண்ணும் இல்ல."

"மூணு என்ன?"

திரையின் மூலையைப் பார்த்தான். எம், டி. மில்லிடெஸ்லா. நேற்று ஒரு மோட்டார் தொழிற்சாலையில் மாற்றியதை மறந்திருக்கிறான். ஒரு மில்லிடெஸ்லாவுக்குப் பத்து காஸ். சுவரோரம் பார்த்த 0.4கூட நான்கு காஸ். இங்கே முப்பத்தொன்று. பத்து நிமிடமாக முப்பத்தொரு காஸுக்குள் நின்றிருக்கிறான்.

அலகை காஸுக்கு மாற்றிக்கொண்டு சுவரோரம் போனான். 31. எதிர் மூலை. 31. கதவருகே. 31.

காந்தம் எதுவானாலும் விலக விலகக் குறையும். அதுதான் அதன் சுபாவம். விலகியும் குறையாவிட்டால், மீட்டர் கெட்டிருக்க வேண்டும். அல்லது அவன் விலகவே இல்லை.

மீட்டர் கெட்டிருக்க வேண்டும்.

அதை நடுத்தரையில் வைத்துவிட்டு, கதவருகே இருந்த பையில் புது பேட்டரி தேடினான். திரும்பிப் பார்த்தபோது திரையில் 0.4. அப்பாடா. எடுக்கப் போனான். இரண்டு. ஓர் அடி வைத்தான். ஒன்பது. குனிந்தான். முப்பத்தொன்று.

நிமிர்ந்தான். பின்வாங்கினான். 0.4.

ஐந்தடி தள்ளி நின்று அந்த எண்ணையே சான்றிதழில் எழுதிக் கையெழுத்திட்டான். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அறையில் இப்போது எதுவும் இல்லை. பம்பு சத்தம்கூட.

வாசலில் அக்கா நூலோடு வழிமறித்தார். "ஒரு நிமிஷம் நில்லுங்க தம்பி."

"அக்கா, நான் இஞ்சினியர்." ஒதுங்கி நடந்தான். அவர் ஏன் அவ்வளவு வேகமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டார் என்று அவன் கேட்கவில்லை.

காரில் ரேடியோ கரகரத்தது. நிறுத்தினான். கைக்கடிகாரம் மூன்று இருபதில் நின்றிருந்தது. சட்டைப் பையில் போட்ட சாவிக்கொத்து குலுங்காமல் விலாவோடு தட்டையாக ஒட்டிக்கிடந்தது. எஞ்சினை அணைத்த பிறகும் ஒரு சத்தம் மிச்சமிருந்தது.

டுக்... ஷிக்.

வீட்டில் சாயங்கால வெயில் கூடத்துத் தரையில் நீளமாகக் கிடந்தது. குளிர்சாதனப் பெட்டியைக் கடந்தபோது அதன் கதவு தானாகத் திறந்து அவன் பக்கம் வந்தது.

"வந்துட்டியா?" அறைக்குள்ளிருந்து அண்ணன். "அந்த மாத்திரைய எடுத்துக் குடுடா. எவ்வளவு நேரமா பாக்கறேன்."

மாத்திரை இருந்த நடைக்கோடிக்குப் போய்த் திரும்பினான். எதிரே அண்ணன் அறைக் கதவில் அவனே ஒட்டிய சீட்டு. 0.4. பாதுகாப்பு.

கையிலிருந்த சான்றிதழ் ஃபைலிலிருந்து ஜெம் கிளிப்பை உருவினான். உருவவே வேண்டியிருக்கவில்லை, விரலுக்கு முன்பே அது நகர்ந்தது. சட்டை விளிம்பில் ஒரு நூலைப் பிய்த்தான். கட்டினான். ஓசைப்படாமல், கையை முழுதாக நீட்டி, கதவுக்கு முன்னால் தொங்கவிட்டான்.

தொங்கவில்லை.

நூல் விறைத்தது. கிளிப் மெல்ல எழுந்தது. அறைப் பக்கம் அல்ல. அவன் பக்கம். படுக்கைவசமாக, ஒரு விரல்போல, அவன் இடது மார்பைக் காட்டி நின்றது.

"என்னடா, சத்தத்தையே காணோம்?"

"வராத அண்ணா." குரல் வெளியே வரவில்லை.

"சோம்பேறி. இரு, நானே வரேன்."

கட்டில் கிறீச்சிட்டது. செருப்பு தரையைத் தேய்த்தது. அவன் பின்னால் ஓர் அடி வைத்தான். இன்னொன்று. முதுகில் சுவர் இடித்தது. கூடத்துக்கு ஓட வேண்டுமானால் அந்தக் கதவைத்தான் கடக்க வேண்டும்.

டுக்... ஷிக். டுக்... ஷிக்.

கதவு திறந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கை நெஞ்சுக்குப் போனது. அங்கே, சட்டைக்கு அடியில், தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவு மேடு ஒன்று மெல்ல அவன் பக்கம் புடைத்துக்கொண்டு வந்தது.