ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே

அந்த வருடம் ஆப்பிரிக்கக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை ஜாம்பியா போட்ட கோல் ஒன்றைக்கூட கசூபா பார்க்கவில்லை. காரணம், அவள் பார்த்தால் கோல் விழாது என்று எங்கள் தெரு முடிவு செய்திருந்தது.

ஜாம்பியாவின் முஃபுலிரா நகரில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு டிவிதான். அது லோம்பே மாமாவின் முடிவெட்டும் கடையில் இருந்தது. கடை என்றால் கப்பலில் சரக்கு ஏற்றும் பழைய இரும்புப் பெட்டகம். பதினைந்து பேர் உட்காரலாம். ஆட்டம் என்றால் நாற்பது பேர் உட்காருவோம்.

முதல் ஆட்டம் செனகலோடு. கசூபாவின் வகுப்புப் பையன் முத்தாலேயின் அம்மா அவளைப் பக்கத்து வீட்டில் உப்பு வாங்க அனுப்பினார். ஒரு கோல்! உப்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க அனுப்பினார். இன்னொரு கோல்! வேலை முடிந்து கசூபா வந்து உட்கார்ந்தாள். செனகல் ஒரு கோல் போட்டது.

முத்தாலே அம்மா மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.

அடுத்து லிபியா. அன்று மழை. கசூபா பாதி நேரம் உள்ளே, பாதி நேரம் வெளியே. இரண்டுக்கு இரண்டு. இதற்கு மேல் யாருக்கும் ஆதாரம் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு ஆட்டம் தொடங்கினாலே ஒரு வாளியைக் கையில் கொடுத்து அவளைத் தெருக்குழாய்க்கு அனுப்பிவிடுவார்கள். எக்குவடோரியல் கினியாவை ஜெயித்தோம். சூடானுக்கு மூன்று கோல். அரையிறுதியில் கானாவையே வீட்டுக்கு அனுப்பினோம். தெருவில் நிரம்பாத வாளியே இல்லை.

“உன்னாலதான் நாம இறுதிக்கே வந்திருக்கோம்டி,” என்றான் அவள் வகுப்பு முத்தாலே, வேகவைத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டே.

“அப்போ ஒரே ஒரு கோல் மட்டும் பார்த்துக்கறேனே?”

“ஐயோ! நாட்டுக்குத் துரோகம் பண்ணாதே.”

இறுதி ஆட்டம் ஐவரி கோஸ்ட்டோடு. கசூபா வாளியோடு குழாயடியில் நின்றாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. தொண்ணூறு நிமிடம் போனது. கூடுதல் முப்பதும் போனது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

‘நான் வெளியில நின்னும் ஒண்ணும் விழலையே’ என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது கடைக்குள்ளிருந்து ஓர் ஆள் தள்ளாடி வந்து, அவளுடைய வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். லோம்பே மாமா.

“என்னாச்சு மாமா?”

“பெனால்டி வரைக்கும் வந்துடுச்சு. என்னால பார்க்க முடியலடா கண்ணு.”

“உங்க டிவிதானே!”

“டிவி என்னோடதுதான். நெஞ்சும் என்னோடதாச்சே.” மாமா உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். “இந்த லிப்ரவில் ஊர்க் கடல்லதான் நம்ம டீம் போன விமானம் விழுந்துச்சு. பத்தொன்பது வருஷமாச்சு. அப்போ எனக்கு உன் வயசு. இன்னைக்கு அதே ஊர்ல ஆட்டம். தோத்துட்டா நான் தாங்க மாட்டேன்.”

தெருவிலேயே சத்தமாகப் பேசுகிறவர் அவர்தான். இப்போது குனிந்து தரையைப் பார்த்துப் பேசினார்.

கசூபாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. வெளியில் ஓர் ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதானே? அதற்குத்தான் மாமா வந்துவிட்டாரே! ஓடிப்போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம்.

இரண்டு அடி வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். மாமா காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வாசல் பக்கத்துல வந்து உட்காருங்க மாமா. நான் பார்த்துச் சொல்றேன்.”

கடை வாசலில் ஒரு காலை உள்ளே வைத்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள்.

“ஏய்! வெளியே போ!” என்று முத்தாலே அம்மா கத்தினார்.

“வெளியிலதான் இருக்கேன் அத்தை. இந்தக் காலைப் பாருங்க.”

“அந்தக் கால்?”

“அது சும்மா எட்டிப் பார்க்குது.”

அதற்குள் பெனால்டி தொடங்கிவிட்டது.

“அவங்க போட்டுட்டாங்க மாமா.”

“நாம?”

“நாமளும் போட்டுட்டோம். நம்ம ஆளுங்க மண்டி போட்டுப் பாடுறாங்க.”

“ஆட்டத்துக்கு நடுவுலயா?”

“ஆமா. எல்லாரும் சேர்ந்து.”

மாமா காதிலிருந்து ஒரு கையை எடுத்தார்.

ஏழுக்கு ஏழு. அவர்களின் எட்டாவது பந்தை நம் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். கடையே குதித்தது.

“ஜெயிச்சிட்டோமா?”

“இருங்க மாமா, நாம இன்னும் அடிக்கல.”

அடித்தோம். பந்து கம்பத்துக்கு மேலே போனது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் திரும்பி கசூபாவின் கால்களைப் பார்த்தார்கள்.

“எந்தக் காலை நகர்த்தினே?”

“நகர்த்தவே இல்லை அத்தை!”

அவர்களின் அடுத்த பந்தும் மேலே போனது. இனி நம் முறை. போட்டால் கோப்பை.

கசூபா பின்னால் கையை நீட்டினாள். “மாமா, இதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க.”

“முடியாதும்மா.”

“ஒரே ஒரு கால் மட்டும் வைங்க.”

மாமா அவள் கையைப் பிடித்தபடி எழுந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார்.

பந்து வலைக்குள் பாய்ந்தது.

அன்றுவரை கசூபா கோலைக் காதால் மட்டுமே கேட்டிருந்தாள். முதலில் வலைதான் அசைகிறது, சத்தம் அதற்குப் பிறகுதான் வருகிறது என்று அன்றுதான் தெரிந்தது. அந்தச் சத்தத்தில் இரும்புச் சுவர் அதிர்ந்து, அதில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கீழே விழுந்து உடைந்தது. மாமா அதைக் கவனிக்கவே இல்லை. அவர் கசூபாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதுகொண்டே ஆடினார்.

ஜாம்பியாவின் அடுத்த ஆட்டத்தன்று முத்தாலே அம்மா தலைமையில் பதினெட்டுப் பேர் கடை வாசலில் அடித்துப் பிடித்து நின்றார்கள். எல்லோருக்கும் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. உள்ளே போகவும் வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை.

காலியாகக் கிடந்த முதல் பெஞ்சில், டிவிக்கு நேர் எதிரே, கசூபாவும் லோம்பே மாமாவும் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.