பிரம்பு டாக்டர்

நேற்று பொம்மைக்குக் கச்சிதமாக இருந்த கோட்டு இன்று காலை அதன் வயிற்றருகே பொத்தான் போட முடியாமல் இறுகிக் கிடந்தது. பிரம்பு ஒரே ராத்திரியில் இப்படிப் பருக்காது என்பது லுட்கார்டுக்குத் தெரியும். கொட்டகையின் ஈரச்சுவர் வாடைக்கும் பசை வாடைக்கும் நடுவே சுருட்டும் கற்பூரமும் கலந்த ஒரு நெடி மெல்ல ஏறிவந்து, முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கையைப் போல அவள் வாயைப் பொத்தியது.

ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு மணிக்கோபுரம், ஒரு காற்றாலை, அகழிக்குள் ஒரு கோட்டை. அப்புறம், செத்துப்போன டாக்டர் வான் ஹூக்க. அவர் வீட்டு வாசலில் பித்தளைப் பலகை, தெருவுக்கு அவர் பெயர், இந்த வருட ஊர்வலத்துக்கு இரண்டு ஆள் உயரத்தில் அவரைப் போலவே ஒரு பிரம்புப் பொம்மை. பதினாறு வயதில் அவர் வீட்டில் வேலைக்கு இருந்தவள் லுட்கார்ட். மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் செய்ததை அவள் சொன்னபோது, ஊர் அவளைத்தான் பொய்க்காரி என்றது.

"பழைய முதலாளிக்கு நீயே கோட்டு தைக்கிற. கொடுத்து வச்சவ," என்றார் விழாக்குழுத் தலைவர் ஃபிர்மின். "ஊசி குத்திடப்போவுது, அவருக்குக் கோவம் வந்துடும்."

அவள் ஊசியை அடுத்த தையலில் இறக்கினாள். கோட்டுக்குள் ஏதோ மூச்சு வாங்கியது.

பொம்மைக்குள் நின்று அதைத் தோளில் சுமந்து ஆடப்போவது அவள் மகள் யோலீன். வேண்டாம் என்று காலையிலிருந்து கெஞ்சிப் பார்த்தாயிற்று. காரணம் மட்டும் வாயில் வரவில்லை.

"அது வெறும் கூடைம்மா," என்றபடி யோலீன் துணியைத் தூக்கி உள்ளே நுழைந்தாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "இங்க கதகதன்னு இருக்கு. யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி."

வாத்தியங்கள் முழங்க, கோபுர நிழலையும் உருளைக்கிழங்கு பொரிக்கும் கடையின் எண்ணெய்ப் புகையையும் தாண்டி ஊர்வலம் போனது. லுட்கார்ட் பொம்மையை ஒட்டியே நடந்தாள். டாக்டர் வீட்டுமுன் அது தலைவணங்கி நின்றது. சுமப்பவர் மாறும் இடம். வாத்தியம் ஓய்ந்தது.

மகளைக் கூப்பிட்டாள்.

ஃபிர்மின் துணியைத் தூக்கினார். உள்ளே யாரும் இல்லை.

பீர் குடிக்க நழுவியிருப்பாள் என்று சிரித்தார்கள்.

மறுபடி வாத்தியம். பொம்மை எழுந்தது. யாரும் உள்ளே போகவில்லை.

அதற்குக் கால் வைத்து யாரும் பின்னவில்லை. ஆனால் துணி விளிம்புக்குக் கீழே யோலீனின் சிவப்புக் கேன்வாஸ் ஷூக்கள். நுனிவிரலில். அவற்றின் இருபுறமும் பளபளக்கும் கறுப்புத் தோல் ஷூக்கள். நெருங்கி. இன்னும் நெருங்கி.

வீட்டுக் கதவை நோக்கி. ஒவ்வோர் அடியாக.

ஊர் தாளம் பிசகாமல் கைதட்டியது.