மூன்றாவது தட்டு

வீட்டில் இருப்பது இரண்டே பேர். சிறிதரன் மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைத்தான்.

சிவகௌரி நகரத்தில் அவர்கள் வீடிருக்கும் டார்னெய்ட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. திராட்சைத் தோட்ட வேலைக்கென்று புருஷன் இந்த ஆற்றங்கரைக்கு வந்து நான்கு மாதம். இரண்டாயிரத்துப் பத்தில் ஒரே படகில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். அதன்பிறகு பிரிந்திருப்பது இதுதான் முதல்முறை. இப்போது போன் எடுத்தால் பின்னால் யாரோ கதிரையை இழுக்கும் சத்தம். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்றே முடிவு கட்டினாள். அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் குடியேறித் திராட்சை நட்ட ஊர் அது. வீடும் அவர்கள் கட்டியதுதான். ஆளுயர ஜன்னல்களுக்குப் பலகைக் கதவுகள், பகலிலும் விளக்குக் கேட்கிற அறைகள், ஆற்றுச் சேறும் புளித்த பழமும் கலந்து சுவரிலிருந்து கசிகிற வாடை, மாடியில் ஆளில்லாமலே முனகுகிற மரத்தரை. அலுமாரி, கட்டிலடி, குளியலறை எல்லாம் துழாவிவிட்டாள். ஒரு தலைமயிர்கூட அகப்படவில்லை.

ஆனால் மீன்குழம்பில் நடுத்துண்டு அந்த மூன்றாவது தட்டுக்குத்தான் போனது. அதற்கு முன்னால் கிடந்த கதிரையை அவன் மெதுவாக இழுத்துவிட்டான். கல்யாணம் கட்டி ஆறு வருடத்தில் இவளுக்கு ஒருநாள் இழுத்து விட்டிருப்பானா?

"ஆருக்கு இது?"

"வீட்டை வாடகைக்குத் தந்தவர் சொன்னது, கௌரி. ஆரும் வந்தால் சாப்பிட ஒரு இடம் எப்பவும் இருக்கவேணுமாம். இந்த வீட்டு வழக்கம். ஆனா வீட்டில இருக்கிற ஆக்கள் அதில இருக்கக்கூடாது. நீரும் அந்தக் கதிரையில குந்தாதையும்."

நல்ல கதை. காதில் பூச்சுற்ற இவளா கிடைத்தாள்? அவன் கை கழுவக் குசினிக்குப் போனதும் தன் இடத்திலிருந்து எழும்பிப் போய் அந்தக் கதிரையில் கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழும்பிப் போன சூடு. அவள் உடம்பு முழுக்கப் பொறாமை ஏறியது. எவளாவது இருக்கட்டும், என் புருஷன் போட்ட சோறு எனக்குத்தான் என்று அதிலேயே குந்தினாள். நடுத்துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள்.

ருசி இல்லை. உப்பில்லை. நாக்கில் எதுவும் படவில்லை.

குசினியில் குழாய்ச் சத்தம் நின்றது. அவன் வந்தான். அவளைப் பார்க்கவில்லை. அவள் எழும்பி வந்த கதிரையைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏன் கௌரி இன்னும் சாப்பிடேல்லை?"

"உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

அவளுடைய குரல். அவள் வாய் திறக்கவில்லை.

எழும்பப் பார்த்தாள். கால் வரவில்லை. "இஞ்சருங்கோ" என்று கத்தினாள். சத்தம் வரவில்லை. கை கழுத்துக்குப் போனது. தாலி இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் அவளுடைய சேலை. அவளுடைய முகம். நனைந்த கூந்தலிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை தாலிக்கொடியை நெஞ்சுக்கு வெளியே எடுத்துவிட்டது. மறு கை சோற்றைக் குழைத்து அவன் வாய்க்கு நீட்டியது. அவன் ஆசையோடு வாயைத் திறந்தான்.

அந்த விரல்களுக்கு நடுவில் சோறு இல்லை. நெளிகிற கறுத்த ஆற்றுச் சேறு.