பத்தொன்பதாம் எண் வண்டி

படத்தின் ஐந்தாம் சுருளில் பத்தொன்பதாம் எண் வண்டி வந்திருக்கவே கூடாது. மோட்டார் சைக்கிள் பந்தயம் நாலாவது சுருளோடு முடிந்துவிட்டது. இது நாயகி மாமியாருக்குத் தேநீர் ஊற்றும் காட்சி. ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே, மழையில், அந்த வண்டி இடமிருந்து வலமாக ஓடி மறைந்தது.

ஃபுஸாயேவுக்குப் பயம் வரவில்லை. ஒரு கணம் சந்தோஷம்தான் வந்தது, பிறகு அதுவும் மரத்துப்போனது. டோக்கியோவின் அந்த ஸ்டூடியோவில் மூலச்சுருளை, அதாவது பிரதிகள் எடுக்கும் நெகட்டிவை, வெட்டி ஒட்டுவது பெண்களின் வேலை. பதினோரு வருடமாக வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அதைத்தான் செய்கிறாள். பத்தொன்பதை ஓட்டியவன் அவள் தம்பி எய்ஸாகு. நாயகனுக்குப் பதிலாக ஓட்டினான், வளைவில் விழுந்தான், அங்கேயே செத்தான். விழுந்தது அருமையாக வந்திருக்கிறது, படத்தில் இருக்கட்டும் என்றார் இயக்குநர். வேலை போனால் போகட்டும் என்று, போன வாரம் அந்தத் துண்டை மூலத்திலிருந்தே வெட்டி அடுப்பில் போட்டுவிட்டாள். காசு கொடுத்து வருகிறவர்கள் பார்க்க அவள் தம்பி தினம் தினம் சாக வேண்டாம். இன்று முதல் பிரதியை, வழக்கப்படி, வெட்டியவளே உட்கார்ந்து சரிபார்க்கிறாள்.

"ஏம்மா ஃபுஸாயே," என்றார் படம் ஓட்டும் உராகாமி, பின்னாலிருந்து. "உன் தம்பி இந்தக் காட்சியிலயும் இருக்கானா? சொல்லவே இல்லையே."

"இல்லண்ணே."

"அப்ப இது யாரு?"

ஆறாம் சுருள். கல்யாணக் காட்சி. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே வண்டி வந்தது, இம்முறை நேராக அவளை நோக்கி. இன்னும் ஒலி சேர்க்காத பிரதி, சத்தமே இல்லை. ஆனால் பந்தய வண்டிகளின் எஞ்சினில் ஊற்றும் விளக்கெண்ணெய் கருகும் வாடை அறை முழுக்கப் பரவியது. எய்ஸாகுவின் முகம் தெரிந்தது. விழுவதற்கு ஒரு நொடி முந்தைய முகம். பல்லைக் கடித்திருந்தான். விழப்போகிறோம் என்று தெரிந்திருந்தது. விழத்தான் இடமில்லை. அவன் விழும் துண்டை அவள் எரித்துவிட்டாள்.

ஏழாம் சுருள். கடற்கரை. மறுபடி அவன். கன்னத்துத் தோல் காற்றில் உரிந்து பறந்தது. உதடு அசைந்தது. தம்பியின் உதட்டைப் படிக்க அவளுக்குச் சத்தம் வேண்டியதில்லை.

அக்கா, எறக்கி விடுக்கா.

"நிறுத்துங்கண்ணே!"

"அப்பவே நிறுத்திட்டேன்மா. விளக்கையும் அணைச்சுட்டேன்."

திரை அணையவில்லை. வளைவு. மறுபடி அதே வளைவு. கைப்பிடியோடு ஒட்டிப்போன விரல்கள். தோல் இல்லை. உதடும் இல்லை. கண்கள் மட்டும் ஈரமாக, உயிரோடு, அவளையே பார்த்துக்கொண்டு.